மார்புத் தழும்பை மறைப்பது யாருக்காக?

தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு ஆவணங்கள் இரும்பலமாரியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டப்படுகின்றன. ஒன்று வீட்டு நிலப்பட்டா. மற்றொன்று பிள்ளையின் நெஞ்சு மருத்துவக் கோப்பு. முன்னதைக் கள்வர் கண்ணுக்கு மறைக்கின்றனர், அதற்கொரு பொருளுண்டு. பின்னதை யார் கண்ணுக்கு மறைக்கின்றனர்? சம்பந்தம் பேச வருவோர் கண்ணுக்கு. அண்டை வீட்டார் கண்ணுக்கு. சில வேளைகளில் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கே. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிகளிலும், செந்தூல் சந்துகளிலும், தோட்டங்களை விட்டு வெளியேறி வந்தோர் குடியேறிய கிள்ளான் வட்டார வீடமைப்புகளிலும் இவ்வழக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. இதற்கு வழங்கும் பெயர் மானம். மானம் என்னும் சொல் இதைவிடக் கொடுமையாகக் கையாளப்பட்டதில்லை. மறைக்கப்படும் செய்தி ஒரு குழந்தையின் உயிரை மட்டும் தொட்டு நிற்பதன்று. அதன் உடன்பிறந்தாரின் உயிரையும், இனிப் பிறக்கவிருப்போர் உயிரையும் தொடுவது.

முதலில் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுள் 8 முதல் 10 குழந்தைகள் நெஞ்சின் அமைப்பில் ஏதேனும் ஒரு குறையோடு பிறக்கின்றன. இஃது உலகெங்கும் ஏறத்தாழ ஒத்துக் காணப்படும் அளவு. மலேசியாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4 இலட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. நான்காம் ஆண்டு மாணவனே கணக்கிட்டு விடை கூறிவிடுவான்: ஆண்டுதோறும் 3,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே அறுவையோ வேறு மருத்துவமோ தேவைப்படும். எஞ்சியோருள் சிலருக்குத் துளை தானே மூடிக்கொள்ளும். சிலருக்குப் பள்ளிப் பருவத்தில்தான் குறை தலைகாட்டும். இத்துணைப் பெரிய தொகையை ஒரு குடும்பத்தின் சாபம் என்று எவ்வாறு கூறுவது?

கருவின் மூன்றாம் வாரத்தில் இதயம் வெறும் ஒரு குழாய். அக்குழாய் மடிந்து, வளைந்து, தனக்குள்ளே சுவர் எழுப்பி, எட்டாம் வாரத்திற்குள் நான்கு அறைகளைக் கொண்ட உறுப்பாகிவிடுகிறது. அதே காலத்தில், இதயத்தினின்று மேலெழும் ஒற்றைத் தண்டு திருகிய தடுப்பொன்றால் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை உடலெங்கும் குருதியை அனுப்பும் பெருந்தமனி. மற்றொன்று நுரையீரலுக்குச் செல்லும் தமனி. சுவர் முற்றாக எழாவிடின் துளை. தடுப்பு திருகாமல் நேரே இறங்கின் இரு தமனிகளும் இடம் மாறிவிடும். பெருந்தமனியின் ஓரிடம் குறுகிப் போயின், மேலுடலில் குருதியழுத்தம் ஏறிக் காலுக்குக் குருதி குன்றும். இவையனைத்தும் நடந்து முடியும்போது, தான் கருவுற்றிருக்கும் செய்தியையே அறியாத தாய்மார் பலர். அந்தத் தாயைத்தான் மாமியாரும் நாத்தியாரும் பின்னர்க் கூண்டிலேற்றுகின்றனர். கிரகணத்தன்று வெளியே வந்தாள். சொல்லச் சொல்லப் பப்பாளி தின்றாள். குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செலுத்தவில்லை. ஆறாம் மாதத்துக் கிரகணம் இரண்டாம் மாதத்திலேயே கட்டி முடிந்த இதயத்தில் எவ்வாறு துளையிட்டது என்று எவரும் வினவுவதில்லை. வினவுவோர்க்கு விடை கூறவேண்டுமே!

குழந்தையின் தந்தை மட்டும் இவ்விசாரணையில் சாட்சியாகக்கூட அழைக்கப்படுவதில்லை. 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் வால்டன் லில்லெஹை என்னும் அறுவை மருத்துவர், குழந்தையின் இதயத்தைத் திறந்து தைக்கும் நேரத்தில் அதன் குருதியைச் சுமக்க மற்றொரு மனிதரையே பயன்படுத்தினார். பெரும்பாலும் தந்தையோ தாயோ அருகிலுள்ள மேசையில் படுத்திருக்க, அவருடைய இதயமும் நுரையீரலும் இரண்டு உடல்களுக்கு உழைத்தன. 45 குழந்தைகளுக்கு இம்முறையில் அறுவை நடைபெற்றது. 28 குழந்தைகள் உயிரோடு வீடு திரும்பின. படுத்தவர் எவரும் இறக்கவில்லை. ஆயினும் ஒரே மேசைப் பணியில் இருவர் உயிரும் போகக்கூடும் என்பதை அறிந்தே அவர்கள் படுத்தனர். குற்றவாளியைத் தேடும் உறவினர் இத்தகைய தந்தையரைப் பற்றி ஒருமுறை படிக்கலாம்.

இத்துறையின் ஆராய்ச்சி வரலாறு, ஒதுக்கப்பட்டவர்கள் எழுதிய வரலாறு. அதனால்தான் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு அது பாடமாதல் தகும். பெண் என்பதால் மெக்கில் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மாட் அபட் என்னும் கனடியரைச் சேர்க்க மறுத்தது. அவர் வேறு கல்லூரியில் பயின்று மருத்துவரானார். பின்னர் அதே மெக்கிலின் மருத்துவக் காட்சியகத்தில் கண்ணாடிக் குடுவைகளிலிருந்த குறையுடைய இதயங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அளந்து, வகைப்படுத்தினார். 1936இல் 1,000 நேர்வுகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட படநூலே பிறவி இதயக் குறைகளைப் பகுத்தறிவதற்கு அடித்தளமாயிற்று. ஆயிரம் குடும்பங்கள் மறைத்திருந்தால் அந்நூல் பிறந்திராது.

அடுத்த படியை ஏறியவர் ஹெலன் டாஸிக். செவிப்புலன் குன்றிய அம்மையார், குழந்தைகளின் மார்பில் விரல் நுனிகளை வைத்தே இதயத்தின் முரலொலியை உணர்ந்தார். உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தைகள் அவரிடம் வந்தன. 1888இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விளக்கிய நான்கு குறைகளும் ஒன்று சேர்ந்த இதயங்கள் அவை. நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகியதால், உயிர்வளி ஏறாத குருதியே உடலெங்கும் ஓடும். பெருந்தமனியின் கிளையொன்றைத் திருப்பி நுரையீரல் தமனியில் இணைத்தால் என்ன என்று டாஸிக் வினவினார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் ஆல்ஃபிரட் பிளாலக் அவ்வினாவை ஏற்றார். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் அவ்விணைப்பைச் செய்து செய்து, ஊசியைக்கூடச் சிறு குழாய்க்கேற்பத் திருத்தி, முறையை வகுத்துக் கொடுத்தவர் விவியன் தாமஸ்.

யார் இந்தத் தாமஸ்? கறுப்பினத் தச்சர். கல்லூரிக்கெனச் சேர்த்த பணம் 1930இல் வங்கி முறிந்தபோது போயிற்று. ஆய்வுக்கூட வேலைக்குச் சேர்ந்தார். அவ்வேலைக்குத் துப்புரவாளர் நிலையிலேயே சம்பளம் தரப்பட்டது. 1944 நவம்பர் 29ஆம் நாள், பதினைந்து மாதக் குழந்தையொன்றுக்கு முதல் அறுவை நடந்தபோது, புகழ்பெற்ற பிளாலக் தம் தோளுக்குப் பின்னே ஒரு படிப்பலகையின்மீது தாமஸை நிறுத்திக்கொண்டு, அவரிடம் கேட்டுக் கேட்டுத் தைத்தார். அக்குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆயினும் வழி திறந்துவிட்டது. பின்னர் அவ்வறுவைக்கு இரண்டு பெயர்கள் சூட்டப்பட்டன: பிளாலக், டாஸிக். தாமஸுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கிட்டியது 1976இல். 'தோட்டத்துப் பிள்ளைக்கு அறிவியல் எதற்கு?' என்று ஒரு காலத்தில் கேட்டவர்களும், 'தமிழ்ப்பள்ளியில் படித்தால் மருத்துவனாக முடியுமா?' என்று இப்போது கேட்பவர்களும் அந்தப் படிப்பலகையைச் சற்றே நினைத்துப் பார்ப்பார்களாக.

இனி ஓடுகளத்துக்கு வருவோர், ஆசிரியர் கண்முன் நிகழும் ஒன்றைக் காணலாம். குறுக்கோட்டப் பயிற்சியின்போது ஒரு மாணவன் சிறிது தூரம் ஓடுகிறான், பின் நடக்கிறான், பின்னர்த் தரையில் குந்திவிடுகிறான். 'சோம்பேறி, எழு!' என்று ஊதல் ஒலிக்கிறது. நான்கு குறைகளும் சேர்ந்த இதயமுடைய குழந்தை குந்துவது சோம்பலால் அன்று. முழங்காலை மடித்துக் குந்தும்போது காலின் குருதிக் குழாய்கள் நெருக்குண்டு உடலின் எதிர்ப்பழுத்தம் உயர்கிறது. அதனால் நுரையீரலை நோக்கிக் கூடுதலான குருதி செல்கிறது. எந்த மருத்துவ நூலும் படியாத குழந்தை தன் உடம்பிடமே கற்றுக்கொண்ட மருத்துவம் அது. அம்மருத்துவத்தைப் பிரம்பால் கெடுப்பவருக்கு ஆசிரியர் என்னும் பெயர் பொருந்துமா? இக்காலத்தில் கடுமையான குறைகள் பெரும்பாலும் மழலைப் பருவத்திலேயே கண்டறியப்பட்டுத் திருத்தப்படுகின்றன என்பது உண்மையே. ஆயினும் தப்பி வருவன உண்டு. விளையாடிய பின் நீலம் பாரிக்கும் உதடு, முரசுக் குச்சிபோல் நுனி தடித்த விரல்கள், ஓடும்போது மயங்கி விழுதல், கெண்டைக்கால் ஓயாமல் வலித்தல் ஆகியவற்றைக் கண்டால் வீட்டுக்குச் சொல்லியனுப்ப வேண்டிய கடமை வகுப்பாசிரியருடையது. பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தல் முறைகள் பலவும் புகட்டப்படுகின்றன. ஒரு குழந்தையின் உதட்டு நிறத்தைப் படிக்கக் கற்பிப்பதற்கு ஒரு பிற்பகல் போதும்.

காரணங்களை ஆராய்ந்தோர் கண்டவை யாவை? பல நேர்வுகளில் ஒரு தனிக் காரணம் புலப்படுவதில்லை. மரபும் சூழலும் பின்னிக் கிடக்கின்றன. புலப்பட்டவற்றுள் ஒன்று ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 1941இல் சிட்னி நகரத்துக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவியிலேயே கண்புரையோடு வந்த கைக்குழந்தைகள் பலவற்றைக் கண்டார். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இதயக் குறையும் இருந்தது. கருவுற்ற தொடக்க நாள்களில் தமக்கு ஜெர்மன் தட்டம்மை கண்டதாகத் தாய்மார் தம்முள் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்ததென்பர். கூடத்தில் அமர்ந்திருந்த தாய்மார் வாய்திறந்து பேசினர். ஒரு மருத்துவர் செவிகொடுத்தார். ரூபெல்லா என்னும் அம்மையின் கொடுமை உலகுக்குத் தெரிந்தது. அத்தாய்மார் வெட்கி வாய் பொத்தியிருந்தால்?

அக்கண்டுபிடிப்பின் பயன் தமிழ்ப்பள்ளி வாசலுக்கே வந்தது. மலேசியாவில் 1988 முதல் ஆறாம் ஆண்டு மாணவியர்க்கு ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டது. 2002 முதல் அது குழந்தைப் பருவத்து முத்தடுப்பூசியில் சேர்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு இட்ட அந்த ஊசி அவளுக்காக மட்டும் இட்டதன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவள் வயிற்றில் உருவாகவிருந்த இதயத்துக்காக இட்டது. இன்று தடுப்பூசிக்கு எதிராகக் கைப்பேசியில் பரவும் செய்திகளை மறுசிந்தனையின்றி அடுத்தவர்க்கு அனுப்பும் படித்த பெருமக்கள் இதனைக் கவனிப்பது நன்று.

மற்றொரு காரணம், சொல்வதற்குக் கசப்பானது. கருவுறுமுன்னும் கருவின் தொடக்க வாரங்களிலும் கட்டுக்கடங்காத நீரிழிவு இருப்பின், குழந்தைக்கு இதயக் குறை நேரும் வாய்ப்புப் பன்மடங்கு பெருகுகிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களுள் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியருள் 100க்கு 31 பேருக்கு. இன்னொரு கிரகணத்தைத் தேட வேண்டிய தேவையில்லை. பால் கலந்த இனிப்புத் தேநீரிலும் திருநாள் பலகாரத்திலும் அது நாள்தோறும் உதித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இதையும் அந்தத் தாய் ஒருத்தியின் தலையிலேயே கட்டிவிடக் கூடாது. குடும்பம் முழுவதும் உண்ணும் உணவு அது. அவள் மட்டும் தனியே சமைத்துண்பதில்லை.

மூன்றாவது, தாய்மாமன் திருமணம். இந்நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நெருங்கிய உறவினர் மணத்தைத் தடை செய்கிறது. ஆயினும் இந்துக்களுக்கு மட்டும் அக்காள், தங்கை மகளை மணக்க விலக்களித்திருக்கிறது. வழக்கத்துக்குச் சட்டம் காட்டிய மரியாதை அது. சட்டம் தந்த மரியாதையை மருத்துவர் தந்த நற்சான்றாகப் பலர் எண்ணிக்கொண்டனர். தென்னிந்தியாவில் நடந்த ஆய்வுகள் நெருங்கிய இரத்த உறவில் மணந்தோரின் குழந்தைகளிடையே பிறவி இதயக் குறை கூடுதலாகக் காணப்படுவதைக் காட்டியுள்ளன. அத்தகைய மணங்களில் பிறக்கும் குழந்தைகளுள் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கின்றனர் என்பதையும் உடன் கூறவேண்டும். இல்லாவிடின் அது மற்றோர் அச்சுறுத்தலாகும். ஆயினும் சொத்து வெளியே போகாதிருக்கப் பெண்ணை உள்ளேயே கொடுக்கும் வழக்கத்துக்கு, சொத்தைவிடப் பெரிய விலை ஒன்று சில வீடுகளில் செலுத்தப்படுகிறது.

இவ்வளவும் கருவறைக் காலத்துக் குறைகள். மறைப்பின் முழுக் கொடுமை விளங்குவது பெருந்தமனி நோயில்தான்.

பெருந்தமனி என்பது இதயத்தின் இடக் கீழறையினின்று புறப்பட்டு, வில்லென வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிறு வரை இறங்கும் குழாய். நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 இலட்சம் முறை இதயம் துடிக்கும்போதும் ஒவ்வொரு துடிப்பின் தாக்குதலையும் முதலில் வாங்கிக்கொள்வது இதுவே. இதன் சுவர் மூன்று படலங்களால் ஆனது. உட்படலம் கிழிந்துவிட்டால் குருதி இரண்டு படலங்களுக்கிடையே புகுந்து, நெய்த துணியை நூல் பிரிப்பதுபோல் சுவரைப் பிரித்துக்கொண்டே செல்லும். நெஞ்சில் தோன்றி முதுகுக்குப் பாயும் கடுவலி அதன் அடையாளம். இதயத்தை ஒட்டிய மேற்பகுதியில் பிளவு நேர்ந்து மருத்துவம் கிட்டாவிடின், முதல் இரண்டு நாள்களில் மணிக்கு 100க்கு ஒருவர் அல்லது இருவர் வீதம் இறந்துகொண்டே போவர். தமிழ் வீடுகளில் அவ்வலிக்கு ஒரு பெயர் ஆயத்தமாக இருக்கிறது: வாயுப் பிடிப்பு. ஓமத் தண்ணீர் கொதிக்கிறது, பெருங்காயம் கரைகிறது, முதுகில் தைலம் தேய்க்கப்படுகிறது. மணிகள் கழிகின்றன.

இந்நோய்க்குப் பெருங்காரணம் கட்டுப்படாத குருதியழுத்தம். ஆனால் இளம் வயதில் பெருந்தமனி பிளந்து இறப்போரிடம் பெரும்பாலும் மரபு ஒளிந்திருக்கும். உயர்ந்து ஒடுங்கிய உடல், சிலந்திக் கால்போல் நீண்ட விரல்கள், உட்குழிந்தோ முன்தள்ளியோ நிற்கும் மார்பெலும்பு, இடம் நழுவும் கண்வில்லை ஆகியன மார்ஃபான் நோயின் அறிகுறிகள். 1896இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் மார்ஃபான் நீண்ட விரல்களைத்தான் விவரித்தார். பெருந்தமனிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு 1940களில்தான் துலங்கிற்று. 1950களில் விக்டர் மெக்கூசிக், ஒவ்வொரு நோயாளியின் தாத்தா, பாட்டி, சிற்றப்பன், அத்தை என்று வினவி வினவிக் குடிவழிப் படம் வரைந்தார். அந்தப் படங்களே மரபணு ஆராய்ச்சிக்கு வழிகாட்டின. 1991இல் ஃபைப்ரிலின் என்னும் புரதத்துக்குரிய மரபணுவில் பிழை இருப்பது கண்டறியப்பட்டது. தாய் தந்தையருள் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குரிய வாய்ப்பு இரண்டில் ஒன்று. 5,000 பேருக்கு ஒருவர் என்னும் அளவில் இது காணப்படுகிறது. பெருந்தமனி வாயிலில் மூன்று இதழ்களுக்குப் பதில் இரண்டே இதழ்கள் அமைந்த பிறவிக்குறையோ இன்னும் மிகுதி. 100க்கு ஒருவர் அல்லது இருவர். அவருடைய நெருங்கிய உறவினருள் பத்தில் ஒருவரளவுக்கு அதே குறை இருக்கலாம். 2005இல் அதற்குரிய மரபணுக்களுள் ஒன்றைக் கண்டறிந்த அமெரிக்க ஆய்வுக் குழுவில் முன்னின்ற விது கார்க், தீபக் ஸ்ரீவாஸ்தவா ஆகிய இருவரும் இந்திய வம்சாவளியினர்.

ஆராய்ச்சி என்ன சாதித்தது என்று கேட்போர்க்கு இரண்டு எண்கள் போதும். 1972இல் வெளிவந்த ஆய்வில் மார்ஃபான் நோயாளிகள் இறந்த வயதின் சராசரி 32. 1990களின் ஆய்வில் அவர்களின் வாழ்நாள் எதிர்பார்ப்பு 70ஐ எட்டியது. இடையில் நிகழ்ந்தவை: 1968இல் இலண்டனில் ஹியூ பென்டால் வகுத்த பெருந்தமனி மாற்று அறுவை, பெருந்தமனியின் அகலத்தை வெளியிலிருந்தே அளக்கும் ஒலியலைக் கருவி, துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை. நாற்பது ஆண்டு வாழ்வு! ஆனால் இந்த நாற்பது ஆண்டும் யாருக்குக் கிட்டும்? தனக்கு நோயிருப்பதை முன்னரே அறிந்தவர்க்கு மட்டும். முன்னரே அறிவதற்கு வாயில் எது? குடும்பத்தார் கூறும் உண்மை.

மருத்துவர் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு வினவுகிறார்: 'குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சு நோய் உண்டா? இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா?' உடனே வருகிறது விடை: 'அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை டாக்டர்.' பெரியப்பா முப்பத்தைந்தாம் வயதில் குளியலறையில் விழுந்து இறந்தது 'காற்றுக் கறுப்பு' ஆகிவிட்டது. அத்தை பிள்ளைப்பேற்றில் இறந்தது 'அவள் விதி' ஆகிவிட்டது. படிவத்தில் 'இல்லை' என்று எழுதப்படுகிறது. அந்தச் சொல்லோடு மருத்துவரின் கை கட்டப்படுகிறது.

ஃப்ளோ ஹைமன் என்னும் அமெரிக்கக் கைப்பந்து வீராங்கனை 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். ஆறடி ஐந்தங்குல உயரத்தினர். 1986 ஜனவரி 24ஆம் நாள் ஜப்பானில் ஆட்டத்தினிடையே மாற்றாளர் இருக்கையில் அமர்ந்திருந்தபோது சரிந்து இறந்தார். பிணப் பரிசோதனையில் பெருந்தமனி பிளந்திருந்தது. மார்ஃபான் நோய் அவருக்கு இருந்ததை அதுவரை எவரும் அறிந்திலர். குடும்பத்தார் அச்செய்தியை மறைத்தனரா? அவருடைய உடன்பிறந்தான் பரிசோதிக்கப்பட்டான், அவனுக்கும் அதே நோய், அறுவை செய்யப்பட்டது. தமக்கையின் சாவு தம்பியின் உயிரைக் காத்தது, அது வெளிப்படையாகப் பேசப்பட்டதால். பள்ளிக் கைப்பந்துக் குழுவுக்கு நெடிதுயர்ந்த பிள்ளையைத் தேடிப் பிடிக்கும் பயிற்றுநர்கள் இவ்வரலாற்றை மனத்திற் கொள்க. உயர்ந்தவர் எல்லாரும் நோயாளர் ஆகார். ஆனால் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு ஆடவிடுவதில் இழப்பொன்றும் இல்லை.

'பேசுவது எளிது, பெண்ணைப் பெற்றவன் என்ன செய்வான்?' என்று ஒரு தடை எழுப்பப்படும். அது போலியான தடையன்று. நெஞ்சுக் குழியில் தழும்புள்ள பெண் என்றவுடன் ஜாதகக் கட்டைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போகும் மாப்பிள்ளை வீட்டார் இருக்கத்தான் செய்கின்றனர். ஆகவே கழுத்துவரை மூடிய இரவிக்கை தைக்கப்படுகிறது. தாலி ஏறும்வரை தழும்பு காக்கப்படுகிறது. அதன் பின்? அந்தப் பெண்ணை எண்ணிப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் செல்ல வேண்டியவள், மாமியார் அறிந்துவிடுவார் என்று செல்வதை நிறுத்துகிறாள். மாத்திரையை நிறுத்துகிறாள். கருவுறுகிறாள். கருக்காலத்தில் உடலில் குருதியின் அளவு ஏறத்தாழ பாதி மடங்கு கூடுகிறது. இதயம் அத்தனையையும் சுமக்கவேண்டும். தாய்சேய் நலக் கிளினிக்கில் தாதி கேட்கும்போது, பக்கத்தில் மாமியார் அமர்ந்திருக்க, அவள் என்ன விடை கூறுவாள்? 1991 முதல் இந்நாட்டில் பேறுகால இறப்பு ஒவ்வொன்றும் தனியே விசாரிக்கப்படுகிறது. இதய நோய் அவ்விறப்புகளின் முக்கியக் காரணங்களுள் ஒன்றாக இடம்பெற்று வருகிறது. குறை திருத்தப்பட்ட பெண்களுள் மிகப் பலர் நல்ல முறையில் பிள்ளை பெறலாம். முன்கூட்டியே சொல்லி, கண்காணிப்பில் இருந்தால் போதும். தழும்பு அவளைக் கொல்வதில்லை. தழும்பை மூடிய துணி கொல்லக்கூடும்.

இங்கே ஒன்று கேட்கத் தோன்றுகிறது. 1989 ஜனவரியில் அந்நாளைய பிரதமர் மகாதீர், கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் இதய அறுவை செய்துகொண்டார். நாளேடுகள் எழுதின, நாடே அறிந்தது. 2007இல் தேசிய இதயக் கழகத்தில் மீண்டும் ஓர் அறுவை. 2018இல் அதே மனிதர் மறுபடியும் பிரதமரானார். 2025இல் நூறு வயதை எட்டினார். பிளந்து தைத்த மார்போடு ஒருவர் நாட்டை ஆளலாம்; பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு பெண் மணமேடை ஏறக்கூடாதோ? ஆணின் தழும்பு வீரத் தழும்பு, பெண்ணின் தழும்பு பழுது என்றால், அந்த வழக்கில் நீதி இல்லை. சுருட்டிக்கொண்டு எழுந்து போகும் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்க வேண்டிய வினா வேறு: தங்கள் பிள்ளையின் பெருந்தமனியை அவர்கள் அளந்து பார்த்ததுண்டா? தழும்புள்ள பெண்ணின் இதயமாவது பரிசோதிக்கப்பட்ட இதயம்.

தேசிய இதயக் கழகம் 1992இல் துன் ரசாக் சாலையில் தொடங்கப்பெற்றது. அதன் குழந்தை நலப் பிரிவுக்குக் கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் தமிழ்த் தாய்மார் மழலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருகின்றனர். அவர்கள் கையிலிருக்கும் விளக்கத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. பேரப்பிள்ளைக்கு என்ன நோய் என்று பாட்டி கேட்டால், தமிழில் சொல்ல அந்தத் தாய்க்குச் சொற்கள் இல்லை. 'ஓட்டை' என்னும் ஒரு சொல்லே உண்டு. இதற்கு யார் பொறுப்பு? 'தமிழில் இவற்றைச் சொல்ல இயலாது' என்பார் உளர். பெருந்தமனி, கீழறை, தடுக்கிதழ், குடிவழி, மரபணு என்பன எம்மொழிச் சொற்கள்? சொற்கள் இருக்கின்றன, எழுதுவோர்தாம் இலர். எழுத்தாளர் சங்கங்களின் தொகுப்புகளை எடுத்துப் பார்த்தால் இதயம் பக்கந்தோறும் துடிக்கிறது. காதலில் உடைகிறது, பிரிவில் உருகுகிறது, இனமான மேடையில் கொதிக்கிறது. குறளில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என இரண்டு அதிகாரங்கள் உள்ளதைப் பெருமையோடு கூறுவோர், அதே நூலில் மருந்து என்றோர் அதிகாரம் இருப்பதைத் தேர்வுக்கு மட்டும் கற்பிக்கின்றனர். உண்மையான இதயம் எவ்வாறு துடிக்கிறது என்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவர் எத்தனை பேர்?

தமிழரிடமிருந்து ஆராய்ச்சி பிறக்கவில்லை என்றும் சொல்லவியலாது. 2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தண்டபாணி, ஐதராபாத்தின் தங்கராஜ் ஆகியோர் அடங்கிய குழு, இதயத் தசையின் ஒரு புரதத்துக்குரிய மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றமொன்றைத் தெற்காசியரிடம் கண்டது. 100க்கு ஏறத்தாழ 4 பேரிடம் அது காணப்படுகிறது. அம்மாற்றம் தனித்தே நோயை விளைப்பதா, அதனோடு ஒட்டிவரும் மற்றொரு மாற்றமே பெருங்காரணமா என்பது பின்னர் மேலும் நுணுகி ஆராயப்பட்டது. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் முறை அது. அந்த ஆய்வு எவ்வாறு நடந்தது? கிராமந்தோறும் குடும்பங்கள் குருதி தந்தன. யார் இறந்தார், எந்த வயதில் இறந்தார் என்று உண்மை கூறின. எழுதப்படிக்கத் தெரியாத மூதாட்டியர் பலர் அதில் அடங்கியிருப்பர். கோலாலம்பூரில் பட்டம் பெற்று வாழும் குடும்பம் மறைக்கும் ஒன்றை அவர்கள் மறைக்கவில்லை.

ஒன்றாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்கும் நாளில் பெற்றோரிடம் உடல்நலம் பற்றிய கேள்விகள் கேட்கப்படுகின்றன. 'நோய் உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே விடை வரும். வேறு வகையாகக் கேட்கலாம். பிள்ளையின் தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, மாமன், அத்தை ஆகியோர் பெயரை எழுதச் சொல்லி, இறந்தவர் இருப்பின் எந்த வயதில், எதனால் என்று ஒரு வரியும் எழுதச் சொல்லலாம். தூரத்து உறவினர் முன்னிலையில் அன்று. தலைமையாசிரியர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. ஐம்பது வயதுக்கு உட்பட்ட திடீர்ச் சாவு ஒன்று அத்தாளில் தென்படுமாயின், பிள்ளையை ஒருமுறை அரசு மருத்துவமனையில் காட்டுமாறு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு அமைச்சின் ஆணை தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளும், கோடு போட ஓர் அடிக்கோலும் தேவை.